எந்த வரிசையில் எத்தனையாவது? – பி.எம்.ஐ. பர்சென்டைல் வந்த கதை

ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு பர்சென்டைல் என்ற வார்த்தை ரொம்பவே பழக்கம். கேட் பரீட்சையில் 98, ஜே.இ.இ.யில் 99 என்று யாராவது சொன்னால் நம் புருவம் தானாக உயரும். அதே வார்த்தை பள்ளிக்கூட ஹெல்த் கார்டில், 'பி.எம்.ஐ. பர்சென்டைல்' என்ற கட்டத்தில் வரும்போதுதான் குழப்பம். 92 என்று போட்டிருந்தால் பாட்டிக்குப் பெருமை, அம்மாவுக்குக் கவலை. 8 என்று போட்டிருந்தால் அன்று ராத்திரியே தட்டில் இரண்டு கரண்டி நெய் கூடிவிடும். இரண்டு வீட்டிலுமே அந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரிதான் படிக்கிறார்கள்.

அது மார்க் இல்லை. பி.காம். படித்தவர்களுக்குப் புள்ளியியல் பாடத்தில் கால்மானம், பதின்மானம், நூற்றுமானம் என்று வரிசையாக வந்தது ஞாபகம் இருக்கலாம். அந்த நூற்றுமானம்தான் பர்சென்டைல். ஒரே வயதுள்ள நூறு பையன்களை (பெண் குழந்தை என்றால் நூறு பெண்களை) பி.எம்.ஐ. குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்பான் என்று அது சொல்கிறது. 62 என்றால் ஏறக்குறைய 62 பேர் அவனுக்கு முன்னால், 38 பேர் பின்னால். அவ்வளவுதான். 62-ஐ 90 ஆக்க வேண்டிய அவசியமும் இல்லை, 50-க்குக் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும் அந்த மற்ற நூறு பேர் யார்? எந்த ஊர்ப் பிள்ளைகள்? எந்த வருஷத்துப் பிள்ளைகள்? இதற்குப் பதில் தேடினால் இருநூற்றைம்பது வருஷக் கதை ஒன்று வருகிறது. படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒற்றைப் பையனிலிருந்து ஆரம்பம்

பிரான்சில் மோன்பேயார் என்ற பிரபு தன் மகனை அவன் பிறந்த 1759-லிருந்து 1777 வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போல உயரம் அளந்து குறித்து வைத்தார். அவருடைய நண்பரான இயற்கை அறிஞர் புஃபோன் அதைத் தன் நூலில் சேர்த்து வெளியிட்டார். ஒரு மனிதப் பிள்ளை பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை எப்படி வளர்கிறது என்பதற்கு நம்மிடம் இருக்கும் முதல் முழுப் பதிவு இதுதான். நம் வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுகிறோமே, அதையே விடாமல் பதினெட்டு வருஷம் செய்திருக்கிறார் மனுஷர். ஆனால் ஒரு பையனை வைத்து வரிசை அமைக்க முடியாது அல்லவா?

கூட்டத்தை அளக்க ஆரம்பித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே (1796–1874). இவர் டாக்டர் இல்லை, வானியல்காரர். நட்சத்திரங்களின் நிலையைப் பல தடவை அளந்து சராசரி எடுக்கும் முறையை மனிதர்கள் மேல் பிரயோகித்துப் பார்த்தார். 1835-ல் வெளிவந்த இவருடைய புத்தகத்தில்தான் 'சராசரி மனிதன்' என்ற கருத்து பிரபலமானது. வளர்ந்தவர்களின் எடை, அவர்களின் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று இவர் கண்டார். இன்று கிலோவை மீட்டரின் வர்க்கத்தால் வகுக்கிறோமே, அந்தக் கணக்கின் வேர் இங்கே இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு இந்த வர்க்கக் கணக்கு சரிப்பட்டு வராது, அவர்களின் எடை உயரத்தோடு வேறு விகிதத்தில் கூடுகிறது என்றும் கெட்லேயே எழுதியிருக்கிறார். அதாவது, பெரியவர்களின் அளவுகோலைக் குழந்தை மேல் அப்படியே வைக்கக்கூடாது என்ற எச்சரிக்கை கணக்கு பிறந்த அன்றே கூடப் பிறந்துவிட்டது.

மூன்று பென்னிக்கு ஓர் அளவு

வரிசை என்ற யோசனை இங்கிலாந்தில் வந்தது. 1884-ல் லண்டனில் நடந்த சர்வதேச சுகாதாரக் கண்காட்சியில் ஃபிரான்சிஸ் கால்டன் ஓர் அளவைக்கூடம் போட்டார். மூன்று பென்னி கொடுத்தால் உயரம், எடை, பிடி பலம், மூச்சு, பார்வை எல்லாம் அளந்து ஒரு சீட்டு தருவார்கள். நம் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடை சீட்டு விழுமே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். காசு கொடுத்து அளந்துகொண்டவர்கள் 9,337 பேர்! அடுத்த வருஷம், 1885-ல், கால்டன் 'பர்சென்டைல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்.

(இதே கால்டன்தான் மனிதர்களில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரிக்கும் யூஜெனிக்ஸ் கொள்கைக்கு 1883-ல் பெயர் வைத்தவர். மனிதர்களை வரிசையில் நிறுத்துவதில் அவருக்கு இருந்த ஆர்வம் எல்லாமே நல்லதற்கு இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும்.)

குழந்தைகளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் ஹென்றி பௌடிச். 1870-களில் அவர் பாஸ்டன் பள்ளிப் பிள்ளைகள் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் உயரமும் எடையும் சேகரித்தார். பிறகு 1891-ல் அந்த அளவுகளைக் கால்டனின் பர்சென்டைல் முறையில் அடுக்கி வெளியிட்டார். டாக்டர் கிளினிக் சுவரில் இன்று நாம் பார்க்கும் வளைகோடுகளின் கொள்ளுத் தாத்தா அதுதான். கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளைவிட வசதியான வீட்டுப் பிள்ளைகள் உயரமாக இருப்பதையும் பௌடிச் அப்போதே காட்டினார். ஆக, வளர்ச்சி அட்டை என்பது உடம்பைப் பற்றி மட்டுமல்ல, வீட்டு அடுப்பைப் பற்றியும் சொல்கிறது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி உள்ளே வருகிறது

இருபதாம் நூற்றாண்டில் பெரியவர்களின் எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டது ஆஸ்பத்திரிகளைவிட இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் என்று சொல்லலாம். யார் சீக்கிரம் போவார் என்று தெரிந்தால்தானே பிரீமியம் போட முடியும்! அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி 1942–43-லும் பிறகு 1959-லும் உயரத்துக்கு ஏற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டது. அவை பாலிசி எடுத்தவர்களின் கணக்கு. பாலிசி எடுக்க வசதியில்லாதவர்கள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை.

1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்து, எடையையும் உயரத்தையும் மட்டும் கொண்டு கொழுப்பை ஓரளவு ஊகிக்க எந்தக் கணக்கு மேல் என்று சோதித்தார்கள். கெட்லேயின் பழைய கணக்கு ஜெயித்தது. 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயரும் கிடைத்தது. கவனியுங்கள், அத்தனை பேரும் வளர்ந்த ஆண்கள். ஒரு பெண்ணும் இல்லை, ஒரு குழந்தையும் இல்லை.

குழந்தையின் கோடு நேர்கோடு இல்லை

அப்படியானால் குழந்தைக்கு என்ன செய்வது? இங்கே உடம்பின் சுபாவத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் பி.எம்.ஐ. சுமார் 13. முதல் வருஷத்தில் அது 17 அளவுக்கு ஏறும் (கொழுகொழு பருவம்). பிறகு குழந்தை நடந்து, ஓடி, உயர்ந்து, ஐந்தாறு வயதில் 15 சில்லறைக்கு இறங்கும். அம்மாக்கள் "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்று புலம்பும் காலம் இதுதான். இளைக்கவில்லை, அதுதான் இயற்கை. அதன் பிறகு மறுபடி ஏற ஆரம்பித்து பதினெட்டு வயதில் 21, 22 என்று போய் நிற்கும்.

பிரான்சைச் சேர்ந்த ரொலாண்ட்-கஷேரா என்ற பெண் ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாக ஆராய்ந்தார். இறங்கின கோடு மறுபடி ஏறத் தொடங்கும் திருப்பம் ஆறு வயதை ஒட்டி வந்தால் வழக்கமானது. மூன்று, நான்கு வயதிலேயே திரும்பிவிட்டால் அந்தப் பிள்ளைகள் பின்னால் பருமனாகும் வாய்ப்பு கூடுதல் என்று 1984-ல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

இதனால்தான் பெரியவர்களுக்குச் சொல்லும் 25, 30 என்ற எல்லைகள் குழந்தைக்குச் செல்லாது. ஓர் உதாரணம். தம்பிக்கு வயது 10, உயரம் 140 செ.மீ., எடை 44 கிலோ. பி.எம்.ஐ. 22.4. அண்ணனுக்கு வயது 17, உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ. பி.எம்.ஐ. 22.5. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அமெரிக்க அட்டைப்படி அண்ணன் சராசரியை ஒட்டி நிற்கிறான். தம்பியோ 95-ஆம் பர்சென்டைலைத் தாண்டிவிட்டான். வயது, ஆணா பெண்ணா என்ற இரண்டும் இல்லாமல் குழந்தையின் பி.எம்.ஐ.க்கு அர்த்தமே கிடையாது. பர்சென்டைல் தேவைப்பட்டது இதற்குத்தான்.

உறைந்து போன வரிசை

அமெரிக்காவில் 1977-ல் வந்த தேசிய வளர்ச்சி அட்டைகளில் பி.எம்.ஐ. கோடு இல்லை. 2000-ஆம் ஆண்டில் சி.டி.சி. வெளியிட்ட புதிய அட்டைகளில்தான் 2 முதல் 20 வயது வரை பி.எம்.ஐ. வளைகோடுகள் வந்தன. 5-க்குக் கீழே என்றால் எடை குறைவு, 85 முதல் 95 வரை அதிக எடை, 95-க்கு மேல் பருமன் என்று இன்று படிக்கிறார்கள். 2007 வரை இந்த 85–95 பகுதிக்கு 'அதிக எடை ஆகக்கூடியவர்' என்று மென்மையான பெயர் இருந்தது. கோடு அதே கோடுதான், பெயர் மட்டும் மாறியது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்த வரிசையில் நிற்பது யார்? பெரும்பாலும் 1963-லிருந்து 1980 வரை அளக்கப்பட்ட அமெரிக்கப் பிள்ளைகள். 1988–94-ல் எடுத்த புதிய கணக்கெடுப்பும் கையில் இருந்தது. ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களின் எடையை அதிலிருந்து வேண்டுமென்றே சேர்க்கவில்லை. காரணம், அதற்குள் பிள்ளைகள் கனத்துவிட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் கோடு மேலே போகும், கனத்த பிள்ளை சாதாரணப் பிள்ளை என்று தோன்றும்.

பேங்க்கில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம் பஞ்சப்படியை வெகுகாலம் 1960-ஐ 100 என்று வைத்த விலைவாசிக் குறியீட்டில்தானே கணக்குப் போட்டார்கள்? அடிப்படை வருஷம் அசையாமல் நின்றால்தான் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். வருஷா வருஷம் அதையும் நகர்த்தினால் விலையே ஏறாதது போலத் தோன்றும். வளர்ச்சி அட்டையிலும் அதேதான். கணக்குப்படி 95-க்கு மேல் 5 சதவீதம் பேர்தான் இருக்க வேண்டும். ஆனால் 2017–2020 கணக்கெடுப்பில் அமெரிக்கப் பிள்ளைகளில் 19.7 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். வரிசை உறைந்து நிற்கிறது, பிள்ளைகள் நகர்ந்துவிட்டார்கள். மிக அதிகப் பருமனுள்ளவர்களைக் குறிக்க பழைய அட்டையில் இடமே போதாமல் 2022-ல் மேலே கூடுதல் கோடுகள் போட வேண்டி வந்தது.

தெற்கு தில்லிக் குழந்தைகள்

1970-களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் அமெரிக்காவின் 1977 அட்டைகளையே உலகத்துக்கெல்லாம் பரிந்துரைத்தது. அதில் கைக்குழந்தைகளின் அளவு ஒஹையோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அங்கே பெரும்பாலானவை புட்டிப்பால் குடித்த குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பிறகு புட்டிப்பால் குழந்தையைவிட மெதுவாகத்தான் எடை போடும். ஆக, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகூட அட்டையில் பின்தங்குவது போலத் தெரிந்தது. தவறான நூறு பேரோடு ஒப்பிட்டால் "தாய்ப்பால் போதவில்லை, டப்பா மாவு ஆரம்பியுங்கள்" என்று ஓர் அம்மாவிடம் சொல்ல நேரும்.

இதைச் சரி செய்யத்தான் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, கூடவே நம் இந்தியா (தெற்கு தில்லி). தாய்ப்பால், நல்ல சாப்பாடு, புகை பிடிக்காத தாய், மருத்துவ வசதி எல்லாம் கிடைத்த குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். எல்லாம் கிடைத்தால் ஆஸ்லோ குழந்தையும் தில்லிக் குழந்தையும் முதல் ஐந்து வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்று தெரிந்தது. "நம்ம ஜாதகமே இவ்வளவுதான், நாமெல்லாம் சின்ன உடம்பு" என்ற பேச்சுக்கு இது நல்ல பதில். 2006-ல் வந்த இந்த அட்டைகள் 'பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்' என்று சொல்பவை அல்ல, 'எப்படி வளர வேண்டும்' என்று சொல்பவை. 2008-ல் நம் அங்கன்வாடிகளுக்கும் இதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 5 முதல் 19 வயதுக்கு அதே நிறுவனம் 2007-ல் கொடுத்தது பெரும்பாலும் அந்தப் பழைய அமெரிக்க அளவுகளைத் திருத்தி அமைத்ததுதான்.

புனே சொன்ன பாடம்

நம் நாட்டில் 1975-ல் அங்கன்வாடித் திட்டம் ஆரம்பித்தபோது கவலையெல்லாம் மெலிவைப் பற்றித்தான். அட்டையில் கோடு கீழே போகிறதா என்று பார்ப்பார்கள். மேலே போவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கவலை இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதே நாட்டில் இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொண்டது.

நான் மாற்றலாகி வந்து சேர்ந்திருக்கும் புனேயில்தான் இதன் முக்கியமான ஆராய்ச்சி நடந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தை 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த குழந்தைதான், ஆனால் கொழுப்புள்ள மெலிவு.

2004-ல் 'லான்செட்' இதழில் யாக்னிக் தன்னுடைய படத்தையும் லண்டன் நண்பர் டாக்டர் யுட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! இரண்டு பேர் பெயரும் ஆங்கிலத்தில் ஒய்யில் ஆரம்பிப்பதால் 'ஒய்-ஒய் முரண்' என்று அதற்குப் பெயர். அதே 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்றது. நம் வீடுகளில் தொந்தி பெரிதாக இல்லாத சித்தப்பாவுக்கும் நாற்பது வயதில் சர்க்கரை வருகிறதே, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் கணக்கில் எடுத்து இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயதுக்கு நமக்கென்று அட்டை வெளியிட்டது. 14 நகரங்களைச் சேர்ந்த, நடுத்தர, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் 33,000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகள் அதில் இருக்கின்றன. அதில் 85, 95 என்ற கோடுகளே கிடையாது. பதினெட்டு வயதில் 23-ஐத் தொடும் கோடு அதிக எடைக்கு, 27-ஐத் தொடும் கோடு பருமனுக்கு. அந்த 23 கோடு பையன்களுக்கு 71-ஆம் பர்சென்டைலிலும், பெண்களுக்கு 75-ஆம் பர்சென்டைலிலும் வருகிறது. 85 வரை கவலையில்லை என்று இணையத்தில் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "இது எந்த அட்டை?" என்பதுதான். டெக்சாஸில் இருக்கும் மச்சினர் பிள்ளைக்கு ஓர் அட்டை, லண்டனில் இருக்கும் நாத்தனார் பெண்ணுக்கு வேறு அட்டை (அங்கே கிளினிக்கில் 91, 98 என்ற கோடுகளைப் பார்ப்பார்கள்), நம் பிள்ளைக்கு மூன்றாவது அட்டை. ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று எண்ணையும் ஒப்பிட்டு "உன் பையன் பரவாயில்லை" என்று பேசுவதில் பொருளே இல்லை.

அடுத்தது, ஒரு புள்ளியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. மோன்பேயார் செய்த மாதிரி, செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து அளந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குறித்து வாருங்கள். 20-லேயே வருஷக்கணக்காக ஓடும் பிள்ளை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 40-ல் இருந்தது இரண்டு வருஷத்தில் 80-க்கு ஏறினாலோ 10-க்கு இறங்கினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் சர்க்கரை நோய் உண்டா, இடுப்பளவு என்ன என்று அவர் பார்ப்பார். கழுத்தின் பின்புறம் கருத்து, தடித்து, வெல்வெட் மாதிரி இருந்தால் அழுக்கு என்று பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம்.

வளரும் பிள்ளையை நாமாகப் பட்டினி போட வேண்டாம். உயரம் கூடும் வயதில், எடை மேலும் ஏறாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்குக் கோடு தானாகக் கீழே வரும். ரொம்ப முக்கியமாக, அந்த எண்ணை வைத்துப் பிள்ளையைக் கேலி செய்ய வேண்டாம். "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்று அத்தை மாமாக்கள் வைக்கும் பட்டப்பெயர் எந்த அட்டையிலும் இல்லாத பாரம்.

கெட்லே நாடுகளின் கூட்டத்தைப் பார்த்தார், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசிகளைப் பார்த்தது, ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தார்கள். அந்த எண் கூட்டத்திலிருந்து பிறந்தது. அதில் ஒற்றைப் பிள்ளையைப் பார்ப்பது டாக்டரின் வேலை, அதைவிட நம்முடைய வேலை.

பி.கு.: நான் டாக்டர் இல்லை, கணக்குப்பிள்ளை. இது சரித்திரம் மட்டுமே, சிகிச்சை ஆலோசனை அல்ல. அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு நடை போய் வாருங்கள்.